வீல் நட் கழலலையா? அவசரத்துல பண்ணக்கூடாத தப்புகள்

போன ஐப்பசி மழையில திண்டிவனம் தாண்டி வந்துட்டு இருக்கும்போது இடது பக்க பின் டயர் பஞ்சர். ராத்திரி பத்து மணி, வண்டிக்குள்ள அம்மாவும் பசங்களும். ஸ்டெப்னி இருக்கு, ஜாக்கி இருக்கு, வண்டியோட வந்த எல் ஸ்பேனர் இருக்கு, அப்புறம் என்னன்னு இறங்கிட்டேன். முதல் நட் கழண்டுச்சு, ரெண்டாவதும் கழண்டுச்சு, மூணாவது அசையவே இல்ல. கால வச்சு ஓங்கி ஒரு மிதி மிதிச்சேன், ஸ்பேனர் சறுக்கி ரோட்டுல போய் விழுந்துச்சு. மொபைல் லைட்ட கிட்ட காட்டிப் பார்த்தா நட்டோட ஆறு முனையில ரெண்டு முனை மழுங்கி பளபளன்னு வெள்ளையா தெரியுது, ஸ்பேனர் வாய்க்குள்ள இரும்புப் பிசிறு ஒட்டிட்டு இருக்கு.

அப்ப ஒரு லாரிக்கார அண்ணன் வண்டிய ஓரங்கட்டி இறங்கி வந்தாரு. பார்த்ததுமே அவர் சொன்னது, "தம்பி, இனிமே ஒரு தடவகூட ஸ்லிப் ஆகக்கூடாது, விடுங்க நான் பார்க்குறேன்." அவர் என்ன பண்ணாருன்னு கீழ சொல்றேன். அதுக்கப்புறம் நானும் இத பத்தி நிறைய கத்துக்கிட்டேன், மெக்கானிக் நண்பர்கள்கிட்ட உக்காந்து பார்த்தேன், எனக்கு புரிஞ்சது ஒன்னுதான். நட் இறுகிப்போறதுக்கு பெரும்பாலும் நாம காரணம் இல்ல, ஆனா அது கழட்டவே முடியாத நட்டா மாறுறது நம்ம அவசரத்தாலதான். ஸ்பேனர் முதல் தடவ சறுக்கின உடனே கைய எடுத்துடணும். அந்த இடத்துல நிறுத்தினவங்களுக்கு வழி நிறைய இருக்கு, இன்னும் நாலு தடவ முயற்சி பண்ணவங்களுக்கு வெல்டிங் கடைதான்.

முதல்ல ஏன் இறுகுதுன்னு புரிஞ்சுக்கணும், ஏன்னா பாதி தப்பு அது தெரியாததாலதான் வருது. நம்ம ஊர்ல ஓடுற சின்ன கார், செடான் இதுக்கெல்லாம் வீல் நட் டைட்டு பெரும்பாலும் 85லேருந்து 120 நியூட்டன் மீட்டர் வரைக்கும்தான், வண்டி மேனுவல்ல சரியான கணக்கு போட்டிருக்கும். 100 நியூட்டன் மீட்டர்னு வைங்க, வண்டியோட வர்ற ஸ்பேனர் கைப்பிடி சுமார் 25 சென்டிமீட்டர், அப்ப அதோட நுனியில ஏறக்குறைய 40 கிலோ எடைக்கு அழுத்தினா போதும், கழண்டுடும். யாரா இருந்தாலும் முடியும். ஆனா டயர் கடையில ஏர் கன்ன வச்சு டர்ர்ர்னு நாலு செகண்ட் பிடிச்சு ஏத்திட்டாங்கன்னா அது 300 ஆகும், சில கன் 500 கூட தாண்டும். 300ன்னா அதே ஸ்பேனர்ல 120 கிலோ அழுத்தம் வேணும், அது கையால ஆகுற காரியமில்ல. இதுக்கு மேல துரு வேற. கடற்கரையோரம் ஓடுற வண்டி, சென்னையில கடல் பக்கத்துல வெளியிலயே நிக்குற வண்டி, தூத்துக்குடி நாகப்பட்டினம் உப்புக்காத்து படுற வண்டி, இதுல எல்லாம் ரெண்டு வருஷம் கழட்டாம விட்டா மரைக்குள்ள துரு ஏறி நட்டும் ஸ்டட்டும் (நட்டு ஏறுற மரை போட்ட கம்பி) ஒன்னோட ஒன்னு பிடிச்சுக்கும்.

இப்ப தப்புகளுக்கு வர்றேன். நிறைய பேர் பண்றது, முதல்ல ஜாக்கி போட்டு வண்டிய தூக்கிட்டு அப்புறம் நட்ட கழட்டப் பார்க்குறது. இது எப்பவுமே தப்பு, இறுகின நட்டுன்னா உயிருக்கே ஆபத்து. முன் சக்கரம்னா ஸ்பேனரோட சேர்ந்து சக்கரமே சுத்தும், பின் சக்கரம்னா ஹேண்ட்பிரேக் பிடிச்சிருக்கும் ஆனா நீங்க போடுற இழுப்புல வண்டி ஜாக்கிய விட்டு நழுவிடும். டயர் தரையில இருக்கும்போதே எல்லா நட்டையும் கால் சுத்து அரை சுத்து லூஸ் பண்ணிட்டு, அப்புறம்தான் தூக்கணும். ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியர்ல விட்டு, எதிர் மூலையில இருக்குற சக்கரத்துக்கு கல்லோ கட்டையோ கொடுத்துடுங்க.

அடுத்தது ஸ்பேனர். 19 எம்எம் நட்டுல 21 எம்எம் ஸ்பேனர் போட்டு "கொஞ்சம் ஆடுது, பரவால்ல"ன்னு திருப்புறது, ஸ்க்ரூ ஸ்பேனர் போடுறது, பைப் ரிஞ்சு போடுறது, இதெல்லாம் முனைய மழுக்குறதுக்குன்னே பண்ற வேலை. கார்ல வீல் நட் பெரும்பாலும் 17, 19, 21 இதுல ஒன்னாதான் இருக்கும், உங்க வண்டிக்கு எதுன்னு இன்னைக்கே போட்டுப் பாருங்க. பாக்ஸ், அதாவது நட்டு மேல கவுத்து மாட்டுற ஸ்பேனர் தலை, வாங்கும்போது உள்ள பன்னெண்டு முனை இருக்குறத வாங்காதீங்க, ஆறு முனை உள்ளதா பார்த்து வாங்குங்க. பன்னெண்டு முனை பாக்ஸ் நட்டோட மூலைய மட்டும்தான் கவ்வும், அழுத்தம் பூரா அந்த மெல்லிசான நுனியில விழும். ஆறு முனை பாக்ஸ் நட்டோட தட்டையான பக்கத்த பிடிக்கும். சில வண்டியில நட்டு மேல பளபளன்னு மெல்லிசா தகடு கவர் போட்டிருப்பாங்க, துருவுல அந்த தகடு உப்பி, 19 ஸ்பேனர் உள்ளயே போகாது 21 போட்டா ஆடும். அந்த நட்ட எப்படியாவது ஒரு தடவ கழட்டிட்டு ஒரே இரும்புல செஞ்ச நட்டா மாத்திடுங்க, திரும்ப போடாதீங்க.

சரியான ஸ்பேனர் இருந்தாலும் முழுசா உள்ள போகாம திருப்புறவங்கதான் அதிகம். நான் பண்ணதும் அதேதான். நட்டு மேல சேறு, பெயிண்ட், காய்ஞ்ச தார் ஒட்டியிருந்தா ஸ்பேனர் பாதிதான் இறங்கும். அந்த லாரிக்கார அண்ணன் முதல்ல பண்ணதே, ஒரு பழைய துணியால நட்ட சுத்தி துடைச்சாரு, அப்புறம் அவரோட பாக்ஸ நட்டுல வச்சு சுத்தியலால அதோட தலையில நாலு தட்டு. முதல் தட்டுல சத்தம் லொடக்குன்னு கேட்டுச்சு, நாலாவது தட்டுல டொங்குன்னு கெட்டியா கேட்டுச்சு. "இப்பதான் உக்காந்துருக்கு"ன்னாரு. அந்த தட்டுல இன்னொரு லாபமும் இருக்கு, மரைக்குள்ள இருக்குற துரு அந்த அதிர்வுல கொஞ்சம் விரிசல் விடும். அதுக்காக சம்மட்டி எடுத்து ஓங்கி அடிக்கக்கூடாது, உள்ள வீல் பேரிங் இருக்கு.

மிதிக்குறத பத்தி தனியா சொல்லணும். கால் வைக்குறதே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். 60 கிலோ ஆள் 25 சென்டிமீட்டர் கைப்பிடி நுனியில ஏறி நின்னாலே 150 நியூட்டன் மீட்டர் வந்துடும், பாதி நட்டு அதுலயே கழண்டுடும். தப்பு எதுன்னா குதிக்குறது. குதிச்சா அந்த ஒரு நொடியில ஸ்பேனர் சாய்ஞ்சு முனைய சீவிட்டு வெளிய வந்துடும், நீங்களும் ரோட்டுப் பக்கம் விழுவீங்க. கைப்பிடி உங்களுக்கு இடது பக்கமா, தரைக்கு இணையா இருக்குற மாதிரி மாட்டுங்க, வண்டி மேற்கூரைய பிடிச்சுக்கிட்டு மெதுவா எடைய இறக்குங்க, இன்னொருத்தர் இருந்தா ஸ்பேனர் தலைய நட்டோட சேர்த்து அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. ப்ளஸ் ஸ்பேனர் இருந்தா இன்னும் நல்லது, ஒரு கை மேல இழுக்க இன்னொரு கை கீழ அழுத்த, சாயாம நேரா திரும்பும். நானூறு ஐநூறு ரூபாய்க்குள்ள கிடைக்குற சாமான், டிக்கியில கிடக்கட்டும்.

பைப் போடுறதும் இப்படித்தான். 75 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு இரும்பு பைப்ப கைப்பிடியில சொருகினா, 120 கிலோ அழுத்தம் தேவைப்பட்ட இடத்துல 40 கிலோ போதும். ஆனா ஒரு அளவு இருக்கு. ஆறடி பைப்ப போட்டு ரெண்டு பேர் தொங்கினா நட்டு கழலாது, ஸ்டட்டு முறியும். ஒருவேளை ஸ்டட்டு முறிஞ்சுட்டா பதறாதீங்க, ஸ்டட்ட மட்டும் தனியா மாத்தலாம், ஆனா ஆல்டோ மாதிரி 4 நட்டு வண்டியில ஒன்னு போனா காவாசி பிடிமானம் போச்சுன்னு அர்த்தம், அதோட ஊருக்குப் போகலாம்னு நினைக்காதீங்க, மெதுவா பக்கத்து வொர்க்‌ஷாப் வரைக்கும் மட்டும்தான்.

இதோட சேர்ந்த இன்னொரு தப்பு, ஒரே பக்கமா மட்டும் இழுத்துக்கிட்டே இருக்குறது. அந்த அண்ணன் பைப்ப மாட்டிட்டு முதல்ல டைட்டு பண்ற பக்கம் லேசா ஒரு அழுத்து அழுத்துனாரு, எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு, ஏற்கனவே இறுகியிருக்கு இன்னும் இறுக்குறாரேன்னு. அந்தப் பக்கம் மயிரிழை அசைஞ்சாலும் துரு உடையுமாம். அப்புறம் லூஸ் பண்ற பக்கம் சீரா ஒரே அழுத்தம், டக்குன்னு ஒரு சத்தம், எனக்கு ஸ்டட்டு போச்சுன்னுதான் தோணுச்சு, ஆனா நட்டு கழண்டு வந்துடுச்சு. இன்னொன்னும் பண்ணாரு, நான் லூஸ் பண்ணி வச்சிருந்த மத்த நட்டையெல்லாம் திரும்ப டைட்டு பண்ண பிறகுதான் இத தொட்டாரு. மத்ததெல்லாம் லூசா இருந்தா மொத்த இழுப்பும் அந்த ஒத்த நட்டு மேலயே நிக்கும், சக்கரமும் லேசா சாய்ஞ்சு அத இன்னும் நெருக்கும்.

எந்தப் பக்கம் திருப்பணும்னு கேட்டா, கடிகாரம் சுத்துறதுக்கு எதிர்ப்பக்கம், இப்ப வர்ற கார் எல்லாத்துக்கும் அப்படித்தான். பழைய வில்லீஸ் ஜீப், சில பழைய லாரி, இதுல மட்டும் இடது பக்க சக்கரத்துக்கு இடது மரை இருக்கும், ஸ்டட்டு நுனியில "எல்"னு ஆங்கில எழுத்து குத்தியிருப்பாங்க. தெரியாம இழுத்து ஸ்டட்ட முறிச்சவங்க உண்டு, பழைய வண்டி வச்சிருக்கீங்கன்னா பாத்துக்குங்க.

ஸ்பிரே விஷயத்துல ரெண்டு தப்பு. டபிள்யூடி-40 அடிச்ச அடுத்த நிமிஷமே ஸ்பேனர் போடுறது ஒன்னு. 1953ல அமெரிக்காவுல கண்டுபிடிச்சப்ப தண்ணிய விலக்கி துரு பிடிக்காம காக்குறதுக்குத்தான் அத செஞ்சாங்க, அந்த பேரோட அர்த்தமே அதுதான், தண்ணிய விலக்குறதுக்கான 40ஆவது கலவை. துருவுக்கும் ஓரளவு உதவும், ஆனா துரு இளக்குறதுக்குன்னே தனி ஸ்பிரே வருது, அது இன்னும் நல்லா இறங்கும். எதுவா இருந்தாலும் அடிச்சு, லேசா தட்டி, 15, 20 நிமிஷம் விடணும், வீட்டுல நிக்குற வண்டின்னா ராத்திரி அடிச்சுட்டு காலையில பாருங்க. ரெண்டாவது, அடிக்குற இடம். நட்டோட முகம் மூடியிருந்தா மேல அடிச்சு பிரயோஜனமே இல்ல, நட்டும் சக்கரமும் சேர்ற இடுக்குல அடிக்கணும். முகம் திறந்த நட்டுன்னா ஸ்டட்டு நுனி தெரியும், அங்க அடிங்க. போலோ, வென்ட்டோ, ரேபிட் மாதிரி வண்டியில நட்டே கிடையாது, போல்ட்டு உள்ள போய் இறங்கும், அதுல இடுக்கு மட்டும்தான் வழி. பிரேக் டிஸ்க்குல, பிரேக் பேட்ல ஒரு துளி கூட படக்கூடாது, பட்டா பிரேக் பிடிக்காது. தெரியாம பட்டுட்டா பிரேக் கிளீனர் போட்டு டிஸ்க்க நல்லா துடைக்காம வண்டிய எடுக்காதீங்க, பேட்ல ஊறிடுச்சுன்னா பேட மாத்திடுங்க.

நெருப்பு காட்டுற பழக்கத்த தயவுசெஞ்சு விட்டுடுங்க. இரும்பு சூட்டுல விரியும், நட்டு இளகும், உண்மைதான். ஆனா பக்கத்துலயே டயர் இருக்கு. ரிம்ம சூடு பண்ணா உள்ள ரப்பர் வெந்து வாயு உண்டாகி டயர் வெடிக்கும், காத்து இறக்கின டயர் கூட வெடிச்சு ஆள் செத்திருக்காங்க. அலாய் வீல்னா அதோட பலமே போயிடும், பேரிங் கிரீஸ் உருகும், இப்பதான் ஸ்பிரே வேற அடிச்சிருப்பீங்க அது குப்புன்னு பிடிக்கும். ரோட்டோரத்துல யாராவது கேஸ் டார்ச் எடுத்துட்டு வந்தா வேணாம்னு சொல்லிடுங்க.

முனை மழுங்கியே போச்சுன்னா, ஒரு சைஸ் சின்ன பாக்ஸ சுத்தியலால அடிச்சு உள்ள இறக்கி கழட்டலாம். இல்லன்னா உள்பக்கம் திருகலா வெட்டின எக்ஸ்ட்ராக்டர் பாக்ஸ் கிடைக்குது, திருப்பத் திருப்ப நட்ட இறுக்கிக் கவ்வும். அந்த நட்டு அதோட குப்பைக்கு. இதுவும் ஆகலன்னா வொர்க்‌ஷாப்தான். திருட்டுக்கு பயந்து போடுற லாக் நட்டுக்கு அதோட சாவி இல்லாம எதையும் போடாதீங்க, சாவி வீட்டு அலமாரியில இல்லாம வண்டியில இருக்குறது முக்கியம்.

இத்தனையும் நெடுஞ்சாலையில, அதுவும் ரோட்டுப் பக்க சக்கரத்துல, ராத்திரியில முயற்சி பண்ண வேண்டிய அவசியம் இல்ல. தேசிய நெடுஞ்சாலைன்னா 1033க்கு அடிங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க. வீட்டாள்கள இறக்கி தடுப்புக்கு அந்தப் பக்கம் நிக்க வைங்க.

திரும்ப மாட்டும்போது பண்றதுதான் அடுத்த தடவைக்கு வினை. "இனிமே இறுகக்கூடாது"ன்னு மரையில கிரீஸ் அப்புறாங்க. கிரீஸ் போட்ட மரையில அதே டைட்டுக்கு ஸ்டட்டு இன்னும் அதிகமா இழுபடும், முறியுறதுக்கும் அது ஒரு காரணம். கம்பி பிரஷ்ஷால மரைய சுத்தம் பண்ணி, அடிச்ச எண்ணெய துடைச்சு, முதல் நாலஞ்சு சுத்து கையாலயே ஏத்துங்க, மரை மாறாம போகும். ஒன்னு விட்டு ஒன்னு எதிர் எதிரா டைட்டு பண்ணுங்க, 50லேருந்து 100 கிலோமீட்டர் ஓடின பிறகு இன்னொரு தடவ பாருங்க. டயர் கடையில கன்ன எடுத்தாங்கன்னா, "அண்ணே, கன்ல லேசா பிடிச்சுட்டு கடைசி டைட்டு கையால வைங்க"ன்னு பக்கத்துல நின்னு கேளுங்க, கேட்டா செய்வாங்க.

நான் இப்ப டயர் கடைக்குப் போயிட்டு வந்த அந்த வாரமே வீட்டு வாசல்ல வண்டி ஸ்பேனர வச்சு ஒவ்வொரு நட்டையும் அரை சுத்து கழட்டி திரும்ப டைட்டு பண்ணி பார்த்துடுறேன், மொத்தம் இருபது நிமிஷம். போன தடவ வலது முன் சக்கரத்துல ஒன்னு மட்டும் வரல, அன்னைக்கே திரும்ப எடுத்துட்டுப் போய் அவங்கள வச்சே கழட்டி, என் கண்ணு முன்னாடி கையால மாட்ட வச்சேன்.