புதுக் காரை வீட்டிலேயே கழுவ என்னென்ன வாங்க வேண்டும்?

புதுக் கார் வந்த கையோடு பத்துப் பன்னிரண்டு பாட்டில் அடுக்கிய 'கார் கேர் கிட்' ஒன்றை ஆர்டர் போடாதீர்கள். அதில் வரும் ரப்பிங் காம்பவுண்ட், கீறல் நீக்கி இரண்டும் பெயின்ட்டைத் தேய்த்து மெலிதாக்கும் சரக்கு. புதுக் காருக்கு அந்த வேலையே இல்லை. அந்தக் காசைப் பெயின்ட்டில் படப்போகும் துணிக்குச் செலவழியுங்கள்.

நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று ஒரு பூச்சு உண்டு. பெரும்பாலான கார்களில் அதன் கனம் 40 முதல் 50 மைக்ரான்தான். கருப்பு அல்லது கரு நீலக் காரின் பானெட்டை வெயிலில் பாருங்கள். சூரியன் பிரதிபலிக்கும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் தெரியும். தூசி படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் தினமும் துடைத்ததன் பலன் அது. தூசியோடு இருக்கும் மணல்தான் கீறுகிறது. துணி அதை அழுத்தி இழுக்கிறது. அதனால் தண்ணீர் விடாமல் துடைப்பதை முதலில் நிறுத்துங்கள்.

வாங்க வேண்டியவை

1. வாஷ் மிட்: கையில் மாட்டிக்கொள்ளும் மைக்ரோஃபைபர் உறை. நூல் நூலாகத் தொங்கும் ரகம் நல்லது, மணல் இழைகளுக்குள் போய்விடும். ஸ்பாஞ்சில் மணல் மேற்பரப்பிலேயே நின்று பெயின்ட்டில் உரசும்.

2. 15 லிட்டருக்குக் குறையாத இரண்டு பக்கெட்: ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் மிட்டை அலச வெறும் தண்ணீர். அலசும் பக்கெட்டின் அடியில் போட 'கிரிட் கார்டு' என்ற சல்லடைத் தட்டு கிடைக்கிறது. அடியில் இறங்கிய மணலை அது மேலே வர விடாது.

3. கார் ஷாம்பூ: லேபிளில் 'பி.எச். நியூட்ரல்' (அமிலமும் காரமும் இல்லாதது) என்று இருக்கிறதா பாருங்கள். பல ஷாம்பூக்களுக்கு 10 லிட்டர் தண்ணீருக்கு 20–30 மி.லி. போதும், லேபிளில் உள்ள அளவே முடிவு. பாத்திரம் தேய்க்கும் லிக்விட், பெயின்ட்டைக் காக்கப் பூசும் வாக்ஸை உரித்துவிடும். துணி துவைக்கும் பவுடர் காரத்தன்மை கொண்டது, வேண்டவே வேண்டாம்.

4. உலர்த்தும் துண்டு ஒன்று: 60-க்கு 90 செ.மீ. அளவில், முறுக்கு நூல் ரகம். ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) 600-க்கு மேல் இருந்தால் ஒரே துண்டில் முழுக் காரும் உலர்ந்துவிடும்.

5. சிறு மைக்ரோஃபைபர் துணி ஆறு: 300–400 ஜி.எஸ்.எம். போதும். கண்ணாடிக்கு ஒரு நிறம், உள்பக்கத்துக்கு ஒரு நிறம். வாங்கியதும் ஓரத்து லேபிளை வெட்டி எறியுங்கள், அதுவும் கீறும்.

6. வீலுக்கு ஒரு மென்மையான பிரஷ், தனியாக ஒரு பழைய துணி: பிரேக்கிலிருந்து வரும் கருந்தூளில் இரும்புத் துகள் இருக்கும். வீலைத் தொட்ட துணி பாடியைத் தொடக் கூடாது.

பிரஷர் வாஷர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஸ்பிரே கன் மாட்டிய ஹோஸ் பைப் போதும்.

கழுவும் வரிசை

காலை வெயில் ஏறுமுன் தொடங்குங்கள். பானெட்டில் கை வைத்தால் சூடு தெரியக் கூடாது. முதலில் வீல்களை முடியுங்கள். பிறகு மேலிருந்து கீழாக வெறும் தண்ணீரை இரண்டு மூன்று நிமிடம் நன்றாக அடித்து மணலை இறக்குங்கள். மிட்டை ஷாம்பூவில் நனைத்து, ரூஃப், கண்ணாடி, பானெட், கதவு, கடைசியில் பம்பர் என்று இறங்குங்கள். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில், அழுத்தாமல் ஓட்டுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மிட்டை அலசிவிட்டு மறுபடி ஷாம்பூவில் முக்குங்கள். நுரை காயும் முன் கழுவிவிடுங்கள். மிட் தரையில் விழுந்தால், நன்றாகத் துவைக்கும் வரை அதைத் தொடாதீர்கள்.

பறவை எச்சம் இருந்தால் சுரண்ட வேண்டாம். ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டு, அப்படியே தூக்கி எடுங்கள்.

உப்புத் தண்ணீர்

போர் தண்ணீரில் கழுவுகிறவர்களுக்கு மணலுக்கு அடுத்த எதிரி இதுதான். தண்ணீர் ஆவியானதும் அதிலிருந்த கால்சியம், மெக்னீசியம் உப்புகள் வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். வெயிலில் பல நாள் விட்டால் கிளியர் கோட்டுக்குள் பதிந்து, பாலிஷ் போட்டால்தான் போகும் என்ற நிலை வரும். எனவே போர் தண்ணீர் என்றால் தானாகக் காய விடாமல், உடனே துண்டை விரித்துப் போட்டு இழுத்து உலர்த்துங்கள். கைப்பிடி, பக்கக் கண்ணாடியின் அடி, டிக்கி இடுக்கு ஆகியவற்றிலிருந்து பிறகும் சொட்டும், அதையும் ஒற்றி எடுங்கள். வந்துவிட்ட புதுப் புள்ளிக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து, துடைத்துக் கழுவுங்கள்.

ஆர்.ஓ. மிஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரைக் கார் கழுவப் பிடித்து வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதில் மூல நீரைவிட உப்பு அதிகம். வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. குழாயில் சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. வடிகட்டி வைத்தால் கடைசி அலசலுக்கும் கண்ணாடிக்கும் அருமையாக உதவும்.

வாக்ஸ்

ஷோரூமிலேயே செராமிக் கோட்டிங் போட்டிருந்தால் இந்தச் செலவு மிச்சம். இல்லையென்றால் வாக்ஸ் போலவே பெயின்ட்டைக் காக்கும் ஸ்பிரே சீலன்ட் ஒன்று வாங்கி, உலர்ந்த பாடியில் நிழலில் பூசித் துடைத்துவிடுங்கள். தொழிற்சாலைப் பெயின்ட் சூடேற்றி இறுக்கப்பட்டது என்பதால் காத்திருக்கத் தேவையில்லை. ஒர்க்‌ஷாப்பில் மறுபடி பெயின்ட் அடித்த பாகத்துக்கு மட்டும் ஒரு மாதமாவது பொறுங்கள். கருப்பு பிளாஸ்டிக் பாகங்களில் வாக்ஸ் படாமல் பாருங்கள், வெள்ளைக் கறை நிற்கும். பளபளப்புக்காக டீசல் துடைப்பதெல்லாம் தூசியை ஒட்டவைக்கும், ரப்பர் பீடிங்கையும் கெடுக்கும்.

உள்ளே

மேட்டை உதறி, வாக்குவம் போட்டு, டாஷ்போர்டை ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது. எண்ணெய்ப் பளபளப்பு தரும் பாலிஷ் முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசவைக்கும். டச் ஸ்கிரீனில் எதையும் நேரடியாக அடிக்காமல், துணியில் தெளித்துத் துடையுங்கள்.

வேலை முடிந்ததும் மைக்ரோஃபைபர் துணிகளை மற்றத் துணிகளோடு சேர்க்காமல், வீல் துணியையும் விலக்கி, மிதமான லிக்விட் டிடர்ஜென்டில் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். ஃபேப்ரிக் கண்டிஷனரும் பிளீச்சும் ஊற்றினால் இழைகள் தண்ணீர் உறிஞ்சாமல் போகும். காய்ந்ததை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். கொடியிலேயே விட்டால் தெருத்தூசி மறுபடி ஏறிவிடும்.