ஸ்டார் எண்ணிக்கையை விட்டுவிட்டு, 3 ஸ்டார் ரிவியூக்களைப் படியுங்கள்

ஆன்லைனில் எதை வாங்குவதாக இருந்தாலும், மேலே பளிச்சென்று தெரியும் 4.6, 4.8 என்ற சராசரியை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். முதல் வேலையாக ரிவியூக்களை 'புதியவை முதலில்' என்று மாற்றிவிட்டுப் பாருங்கள். பழையதெல்லாம் புகழ்ச்சி, அண்மையில் வந்ததெல்லாம் புகார் என்றால் பொருளின் தரம் இறங்கிவிட்டது என்று சந்தேகப்படலாம்.

அப்புறம் 3 ஸ்டார் கொடுத்தவர்களிடம் வாருங்கள். 5 ஸ்டாரைக் காசு கொடுத்து எழுத வைக்கலாம், 1 ஸ்டாரைப் போட்டியாளர் போடலாம். மூன்றுக்காக மெனக்கெடுபவர்கள் குறைவு. "ஹெட்போனில் சத்தம் அருமை, ஆனால் ஒரு மணி நேரம் போட்டால் காது வலிக்கிறது" என்பது போன்ற ஒரு வரி, "சூப்பர் பொருள்" என்ற நூறு வரிகளைவிட உதவும்.

சார்ஜர் விற்கும் பக்கத்தில் "துணி மென்மையாக இருக்கிறது" என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? வேறு பொருளுக்கு வந்த ரிவியூக்களை இதில் சேர்த்திருக்கிறார்கள். யோசிக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

'வாங்கியவர்' என்ற முத்திரையும் முழு உத்தரவாதம் கிடையாது. வாங்க வைத்து, 5 ஸ்டார் போட்டதும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024இல் போலி ரிவியூக்களை வாங்குவதையும் விற்பதையும் தடைசெய்தது. நல்ல ரிவியூ போட்டால் பரிசு என்று பெட்டிக்குள் சீட்டு வந்தால், அதைப் படம் எடுத்துத் தளத்தில் புகார் கொடுங்கள். அடுத்து வாங்குபவருக்குப் பெரிய உதவி அது.