உடைஞ்ச சிஎஃப்எல் பல்பை எப்படி சுத்தம் பண்ணேன் – என் அனுபவம்

சிங்கப்பூர்ல எங்க வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஸ்டோர்ரூம்ல இருந்த பழைய சுருள் சிஎஃப்எல் பல்ப் கழட்டும்போது கீழ விழுந்து தூளாயிடுச்சு. அம்மா உடனே வேக்கம் கிளீனர எடுத்தாங்க, நான் தடுத்துட்டேன், ஏன்னா அந்த பல்புக்குள்ள கொஞ்சம் பாதரசம் இருக்கு, வேக்கமோ துடைப்பமோ போட்டா அது காத்துல பரவும். பயந்து ஓட வேண்டிய அளவு இல்லைங்க, சில மில்லிகிராம்தான், பழைய கண்ணாடி தெர்மாமீட்டர்ல இருந்தது சுமார் 500 மில்லிகிராம். ஆனா தரையில தவழுற குழந்தை வீட்டுல இருக்கு, அதான் எனக்கு மனசு கேக்கல.

முதல்ல எல்லாரையும் வெளிய அனுப்பி, ஏர்கான ஆஃப் பண்ணி, ஜன்னல திறந்து ஒரு கால்மணி நேரம் அப்படியே விட்டோம். அப்புறம் கையுறை போட்டு, கெட்டி அட்டையால கண்ணாடிய அள்ளி மூடி இருக்குற கண்ணாடி பாட்டில்ல போட்டேன், பொடிப்பொடியா கிடந்தத ஒட்டுற டேப்பால ஒத்தி எடுத்து, கடைசியா ஈர டிஷ்யூவால துடைச்சு அதையும் பாட்டில்லயே போட்டு இறுக்கி மூடிட்டேன். துணில பட்டிருந்தா துவைக்காதீங்க, மெஷின்ல பாதரசம் போயிடும்.

இப்ப வீடு முழுக்க எல்இடிதான், அதுல பாதரசம் கிடையாது. ஆனா மூடின கண்ணாடி கூண்டுக்குள்ள போடுறதா இருந்தா அதுக்கு ஏத்ததானு பெட்டியில பாருங்க, சூடு வெளிய போகலைன்னா உள்ள இருக்குற சர்க்கியூட் சீக்கிரம் போயிடும். மிச்சமிருந்த உடையாத சிஎஃப்எல்ல மாடியில இருந்து குப்பை போடுற குழாய்ல போடாம, பல்ப ஏத்துக்குற மின்கழிவுத் தொட்டியில போட்டுட்டேன்.