சைக்கிள் டிரெய்லர் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைக்கிளுக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் இருசக்கர டிரெய்லரை வீட்டிலேயே செய்பவர்கள் பெட்டியின் உறுதியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். கனமான ஆங்கிளை (L வடிவ இரும்புப் பட்டை) வாங்கிப் பட்டறையில் பற்றவைத்ததில் வெறும் வண்டியே 20 கிலோவைத் தொட்டுவிடுகிறது. சட்டம் முறிந்து வழியில் நின்ற வண்டியை நான் இதுவரை பார்த்ததில்லை. நின்றவை எல்லாம் சக்கரத்தாலோ, சைக்கிளோடு இணைக்கும் கொக்கியாலோ நின்றவைதான்.

சைக்கிள் முன்சக்கரத்தின் அச்சுக்கம்பி சுமார் 8 மி.மீ. தடிமன்தான். இருபுறமும் ஃபோர்க் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) தாங்குவதால் அது வளையாமல் இருக்கிறது. அதை ஒரு பக்கம் மட்டும் சட்டத்தில் முடுக்கிவிட்டு மறுமுனையை அந்தரத்தில் விடுவதே முதல் தவறு. என் முதல் வண்டியில் நானும் இதைத்தான் செய்தேன். 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டை ஏற்றிக்கொண்டு வேகத்தடையில் இறங்கியதும் சக்கரத்தின் மேற்புறம் உள்ளே சாய்ந்து, டயர் பலகையில் உரசத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால் கோன் (பேரிங்கைப் பிடித்திருக்கும் கூம்பு வடிவ நட்) அருகே கம்பி வளைந்திருந்தது. சக்கரத்துக்கு வெளிப்புறமும் ஒரு பட்டை வைத்துத் தாங்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் இரண்டு ஃபோர்க்குகளைச் சட்டத்தோடு பற்றவைத்தாலும் போதும்.

பெரிய சக்கரம்தான் பாரம் தாங்கும் என்ற எண்ணமும் சரியல்ல. சைக்கிள் திருப்பத்தில் சாய்வதால் பாரம் ரிம்மின் தளத்திலேயே இறங்குகிறது. டிரெய்லர் சாய்வதில்லை என்பதால் அதே விசை ரிம்மைப் பக்கவாட்டில் நெளிக்கிறது. அதற்கு 28 அங்குலச் சக்கரத்தைவிட 20 அங்குலச் சக்கரமே நன்றாக ஈடுகொடுக்கும்.

கொக்கியை சீட்டுக் கம்பியில் மாட்டுவது எளிதுதான், ஆனால் பிரேக் பிடிக்கும்போது பாரம் அவ்வளவு உயரத்திலிருந்து தள்ளுவதால் சைக்கிள் தடுமாறுகிறது. பின்சக்கர அச்சின் அருகே, செயின் இல்லாத இடப்பக்கத்தில் தாழ்வாக மாட்டுவதே நல்லது. அந்த இணைப்பு இடவலமாகவும் மேல்கீழாகவும் திரும்புவதோடு முறுக்கத்துக்கும் இடம் தர வேண்டும். மூன்றாவது அசைவை மறந்தால், சைக்கிள் சாயும்போது டிரெய்லரும் சேர்ந்து கவிழும். ஆணி கழன்றாலும் வண்டி பிரிந்து ஓடாதபடி ஒரு நைலான் பட்டையைத் தளர்வாகக் கட்டிவைப்பது அவசியம்.

பாரத்தைப் பின்னால் அடுக்கினால் கொக்கி மேலே தூக்கி, வேகத்தில் வண்டி வாலாட்டும். மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்க வேண்டும். டிரெய்லரின் அச்சிலிருந்து கொக்கி வரை 130 செ.மீ. என்றால், எடையின் மையம் அச்சுக்கு 13 செ.மீ. முன்னால் இருந்தால் கணக்கு சரியாகிவிடும்.

இரு ரிம்களுக்கு இடையிலான தூரத்தை அச்சின் உயரத்தில், முன்னும் பின்னும் டேப் வைத்து அளந்து பாருங்கள், 5 மி.மீ. வேறுபட்டாலே டயர் சீக்கிரம் தேயும். பிரேக்கைப் பொறுத்தவரை, இழுக்கும் சைக்கிளில் இருப்பதுதான் மொத்த வண்டிக்கும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மை ரப்பர் கட்டை சரியாகப் பிடிக்காது என்பதால், அன்றைக்கு இறக்கத்தில் பாரத்தோடு ஏறி மிதிக்காமல் தள்ளிக்கொண்டு போவதே சரி.