ஊர்வாரிப் பட்டியலைப் பணிவாரியாக மாற்றிய விதம்

மீன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் சர்வர்களுக்கு நான் பொறுப்பேற்றபோது, பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்க உதவும் அன்சிபிள் என்ற மென்பொருளின் இன்வென்டரி கோப்பு (சர்வர்களின் பட்டியல்) கீழக்கரை, மண்டபம், தொண்டி என்று ஊர்வாரியாகவே பிரிக்கப்பட்டிருந்ததால், டேட்டாபேஸ் சர்வர்களுக்கு மட்டும் அப்டேட் செய்ய ஒவ்வோர் ஊரின் கீழும் பெயர்களைத் தேட வேண்டியிருந்தது. ஆகவே வெப், டேட்டாபேஸ் எனப் பணிவாரிக் குழுக்களை உருவாக்கினேன். புயல் எச்சரிக்கை வந்தால் ஓர் ஊரின் சர்வர்களை மொத்தமாக நிறுத்த வேண்டும் என்பதாலும், ஒரே சர்வர் பல குழுக்களில் இடம்பெறலாம் என்பதாலும் ஊர்க் குழுக்களை நீக்கவில்லை.

சிக்கல் அதன் பின்னரே தெரிந்தது. பேக்கப் நேரம் இருவகைக் குழுக்களிலும் குறிக்கப்பட்டிருந்தது. வெப் சர்வர்கள் பணிக் குழுவின் நேரத்தையும், டேட்டாபேஸ் சர்வர்கள் ஊர்க் குழுவின் நேரத்தையும் எடுத்துக்கொண்டன. ஒரே நிலையில் உள்ள குழுக்களை அன்சிபிள் பெயரின் ஆங்கில அகர வரிசையில் இணைக்கிறது, கடைசியில் வருவதே நிலைக்கிறது என்பதுதான் காரணம். அந்த வரிசையில் டேட்டாபேஸ் ஊர்ப் பெயர்களுக்கு முன்பும், வெப் அவற்றுக்குப் பின்பும் வருகின்றன.

குழு முன்னுரிமை எண்ணை 1 என்ற இயல்பு மதிப்பிலிருந்து உயர்த்தியும் இதைத் தீர்க்கலாம். ஆனால் அந்த எண்ணை இன்வென்டரியில்தான் எழுத முடியும். குழு மாறிகளின் (பேக்கப் நேரம் போன்ற அமைப்பு மதிப்புகளின்) கோப்பில் எழுதினால் அது செயல்படாது. மாறிகளைத் தேடி வருபவர் அதைக் கவனிக்காமல் போகக்கூடும் என்பதால், நெட்வொர்க் அமைப்புகளை ஊர்க் குழுவிலும் மற்றவற்றைப் பணிக் குழுவிலும் மட்டுமே வைத்து, ஒவ்வொரு சர்வரின் இறுதி மதிப்புகளையும் அன்சிபிள்-இன்வென்டரி கட்டளையால் சரிபார்த்தேன்.