லேசரால் குளிர்விப்பது: எங்கே தவறிவிடுகிறோம்

ராயபுரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். லேசரால் படிகத்தைக் குளிர வைக்கலாம் என்றதும், "அணுவை எதிரே அடித்து நிறுத்துவதுதானே சார்?" என்பார்கள். அது பறந்து திரியும் வாயு அணுக்களுக்கான முறை. 1997-இல் நோபல் பரிசு பெற்றது. படிகத்தின் அணுக்கள் நின்ற இடத்திலேயே அதிர்கின்றன. அந்த அதிர்வைக் கறக்க வேறு வழி வேண்டும்.

1929-இல் ஜெர்மன் இயற்பியலாளர் பீட்டர் பிரிங்ஷைம் அந்த வழியின் மூலக் கருத்தைச் சொன்னார். இட்டர்பியம் என்ற உலோகம் கலந்த ஃபுளோரைடு படிகத்தில் 1020 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சினால், சராசரியாக 1000-க்குச் சற்றுக் குறைந்த அலைநீளத்தில் ஒளி வெளியேறும். அலைநீளம் குறைந்தால் ஆற்றல் கூடும் என்பதால், வந்ததைவிட ஆற்றல் கூடிய ஒளி அது. அந்தக் கூடுதலைப் படிகத்தின் அதிர்வுதான் கொடுக்கிறது. ஆகவே லேசரின் பவரைக் கூட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். அலைநீளம் 960 என்று இருந்தால் அதே படிகம் சூடாகும்.

பலரும் கோட்டைவிடும் இடம் தூய்மை. ஒரு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், கொண்டுபோகும் வெப்பம் அதன் ஆற்றலில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் இரும்போ செம்போ துளி கலந்து ஒரு ஃபோட்டானை விழுங்கினால், அதன் ஆற்றல் முழுவதும் உள்ளேயே வெப்பமாகத் தங்கும். அப்படி நூற்றில் இரண்டு போனாலே மற்றவை சேர்த்த லாபம் முழுவதும் காலி. 1995-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் திடப்பொருளில் முதன்முதலாகக் கிடைத்த குளிர்ச்சி 0.3 டிகிரிதான். பிறகு படிகத்தைத் தூய்மைப்படுத்தித் தூய்மைப்படுத்தித்தான் 91 கெல்வின் வரை, அதாவது மைனஸ் 182 டிகிரி வரை இறங்கினார்கள். எனக்கு இந்தப் பொறுமைதான் பெரிய சாதனையாகத் தெரிகிறது.

அப்புறம், வெளியேறும் ஒளி எங்கே போகிறது என்று பாருங்கள். காசிமேட்டில் மீன் பெட்டியின் அடியில் ஓட்டை இருக்கும். ஐஸ் உருகிய தண்ணீர் அது வழியே வெளியே ஓட வேண்டும். இங்கும் அப்படித்தான். ஒளி படிகத்துக்குள்ளேயே சுற்றிச்சுற்றி மாட்டிக்கொண்டால் வெப்பம் திரும்பிவிடும். சுற்றுச்சுவர் அதை உறிஞ்சி அங்கேயே வைத்துக்கொள்ளாமல் கடத்திவிட வேண்டும். வெப்பநிலையை அளக்கக் கம்பியை ஒட்டினால் அந்தக் கம்பியே ஒளியைக் குடித்துச் சூடாகிப் பொய் சொல்லும். அதனால் படிகம் விடும் ஒளியின் நிறமாலையை வைத்தே அளக்கிறார்கள்.

இது வீட்டு ஏசிக்கான வழியில்லை. அசையும் பாகமே இல்லாததால் அதிர்வு தாங்காத உணரிகளுக்கு உகந்தது; 2018-இல் ஓர் அகச்சிவப்பு உணரியை 135 கெல்வினுக்குக் குளிர்வித்துக் காட்டினார்கள்.

ஒரு பையன் ஆன்லைனில் அகச்சிவப்பு லேசர் வாங்கப் பார்த்தான். கூடவே கூடாது என்றேன். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, இமை தானாக மூடாது, விழித்திரை பொசுங்கிய பிறகுதான் தெரியவரும்.