அலைவடிவ ஜெனரேட்டர் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ரிப்பேர் பெஞ்சுக்கு முதன்முறையாக ஆர்பிட்ரரி வேவ்ஃபார்ம் ஜெனரேட்டர் (நாம் வேண்டும் வடிவில் மின் அலையை உண்டாக்கித் தரும் கருவி) வாங்குகிறவர்கள், பழைய ஆட்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கையேட்டைப் படி, ஒயரைச் சரியாகச் செருகு என்பதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை.

பெட்டியில் போட்ட மெகாஹெர்ட்ஸை நம்புவது

60 மெகாஹெர்ட்ஸ் என்றால் அது சைன் அலைக்கு. ஸ்கொயர் அலைக்கு வரம்பு பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. ஆடியோ, பவர் சப்ளை வேலைக்கு 20 மெகாஹெர்ட்ஸே தாராளம்.

லோடு செட்டிங்கைக் கவனிக்காமல் விடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். இந்தக் கருவிகளின் வெளியீட்டுக்குள்ளேயே 50 ஓம் இருக்கிறது. எதிரே இணைக்கும் சர்க்யூட்டிலும் (அதுதான் லோடு) 50 ஓம் இருந்தால் மின்னழுத்தம் பாதி பாதியாகப் பிரியும். பல மாடல்கள் அப்படி இருப்பதாக வைத்துக்கொண்டுதான் திரையில் எண்ணைக் காட்டும். ரிப்பேரில் நாம் தொடுவதோ பெரும்பாலும் ஒரு சிப்பின் உள்ளீட்டுக் கால். அது மின்னோட்டமே இழுக்காது. திரையில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு அங்கே போய் நிற்கும்.

பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன் 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலருக்கு கிளாக் (சீரான துடிப்பு சிக்னல்) கொடுத்தான். ஆம்ப்ளிட்யூட் (அடியிலிருந்து உச்சி வரை) 3.3, ஆஃப்செட் (அலையின் நடுக்கோட்டை மேலே தூக்கும் அளவு) 1.65. கணக்கு சரி. ஆனால் ஆஃப்செட்டும் சேர்ந்தே இரட்டிப்பாகும், காலை நோக்கிப் போனது 6.6 வோல்ட். உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாக 50 மில்லிஆம்பியர் அளவுக்குப் பாய்ந்திருக்கும். அது தாங்குவதோ சில மில்லிஆம்பியர்தான். அதுவரை நன்றாக இருந்த சிப், அதுவும் வாடிக்கையாளர் போர்டு. “திரையில 3.3தானே சார் காட்டுது?” என்றான். காட்டியது உண்மைதான். பக்கத்தில் ஆசிலோஸ்கோப் (அலையை அளந்து திரையில் காட்டும் கருவி) சும்மா கிடந்தது.

எனவே வாங்கும் முன் மெனுவில் லோடை ‘ஹை-இசட்’ (எதிரே மின்தடை மிக அதிகம்) என்று மாற்ற முடிகிறதா, அணைத்துப் போட்டாலும் அது அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். வெளியீட்டுக்கு உச்சவரம்பு வைத்துப் பூட்டும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், போர்டில் வைக்கும் முன் ஸ்கோப்பில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

டிசி உள்ள இடத்தில் நேராகச் செருகுவது

டிசி ஜெனரேட்டருக்குள் ஏறாமலிருக்க நடுவில் கபாசிட்டர் போடுங்கள். அந்த டிசியைத் தாங்குகிற கபாசிட்டர்.

எர்த்தை மறப்பது

பல பெஞ்ச் மாடல்களில் வெளியீட்டின் கிரவுண்டு எர்த்தோடு சேர்ந்தது. மெயின்ஸ் (வீட்டு மின்சாரம்) பக்கத்தில் அந்தக் கிரவுண்டு கிளிப் போகவே கூடாது.

நாமே வரைந்த அலை அப்படியே வரும் என நினைப்பது

சாதாரண டிடிஎஸ் முறையில் (நினைவகத்தில் உள்ள அலைப் புள்ளிகளை மாறாத வேகத்தில் எடுத்து அலை உண்டாக்குவது), அலையின் அதிர்வெண் கூடினால் கருவி சில புள்ளிகளைத் தாண்டிப் போகும். 8192 புள்ளி அலையை நொடிக்கு 125 மெகாசாம்பிள் (12.5 கோடி புள்ளி) வேகத்தில் ஓட்டினால், சுமார் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இது தொடங்கிவிடும். ஒற்றைப் புள்ளியில் வரைந்த மெல்லிய பல்ஸ் ஒரு சுற்றில் வரும், அடுத்த சுற்றில் வராது. பழுது போர்டிலா ஜெனரேட்டரிலா என்று மண்டை காயும். இப்படிப்பட்ட பல்ஸ் வேலை இருப்பவர்கள் புள்ளி விடாமல் ஓட்டும் மாடலாகத் தேடுங்கள். எஞ்சின் கிராங்க் சென்சார் போல மெதுவான சிக்னலைப் போலி செய்ய மட்டும் என்றால் டிடிஎஸ் போதும், கூடுதல் பணம் தண்டம்.